வாசலில் நின்று சொன்ன பட்டியல்

எழுந்து போய் எதையும் எடுத்துக்கொள்ளாத ஒரு மனுஷியின் பக்கத்து சீட்டில் நான் நாலு வருஷம் உட்கார்ந்திருந்தேன். சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஆபீஸில் அவர் அளவுக்கு வேலை செய்தவர் கிடையாது. தண்ணீரோ பேனாவோ ஸ்டேப்ளரோ, வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்வார். யாராவது கொண்டுவந்து வைப்பார்கள். வைத்தது யார் என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆளின் பெயர் எதற்கு, என்ன வேலை செய்வார் என்று தெரிந்தால் போதாதா என்று அவரே அடிக்கடி சொல்லியிருக்கிறார். இப்போது ஏதோ ஒரு பெரிய ஊரில் பெரிய கம்பெனியில் இருப்பதாகக் கேள்வி. அங்கேயும் யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

எங்கள் ஆபீஸ் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில், ஒரு போல்ட்டு நட்டுப் பட்டறையின் மாடியில் இருந்தது. மொத்தம் ஆறு பேர். கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜையில் டீ கிளாஸ் தானாக நகரும். ஜாவாவில் சின்னச் சின்ன வெப் அப்ளிகேஷன்கள் செய்து கொடுப்போம். லாட்ஜுக்கு ரூம் புக்கிங், பல் டாக்டருக்கு அப்பாயின்ட்மென்ட், இப்படி. முதலாளியை சார் என்போம். சாருக்கும் எனக்கும் ஒரே ஒரு ஒற்றுமைதான், இரண்டு பேருக்குமே உடம்பில் பஞ்சம் இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. உள்ளே வாங்கம்மா என்று சார் கூப்பிட்டார். அவர் வாசற்படியிலேயே நின்றுகொண்டு ஒரு பட்டியல் சொன்னார். ஜன்னலோரமாக ஒரு நாற்காலி. எவர்சில்வர் டம்ளர் ஒன்று, பிளாஸ்டிக் கூடாது. அழுத்தினால் சத்தம் போடாத மவுஸ். தலைக்கு நேர் மேலே ஃபேன் இருக்கக் கூடாது.

"இதெல்லாம் இருந்தா வர்றேன் சார்," என்றார். "இல்லன்னா உள்ள வந்தப்புறம் ஒண்ணு ஒண்ணா தேடிக்கிட்டுத் திரியணும். அதுக்கு இப்பவே சொல்லிடறது நல்லது."

சார் ஆடிப்போய்விட்டார். ஆனாலும் அரை மணி நேரத்தில் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. அந்த ஜன்னலோர நாற்காலி அதுவரை என்னுடையது. மவுஸும் என்னுடையதுதான்.

நான் அவருக்கு நேர் எதிர். எனக்கு வேண்டியது எல்லாவற்றையும் நானே சுமந்து வருவேன். ஃபிளாஸ்க், சார்ஜர், கத்தரிக்கோல், தலைவலித் தைலம், மாற்றுச் சட்டை. என் பையைத் தூக்கிப் பார்த்தவர்கள் ஹஜ்ஜுக்குக் கிளம்பிவிட்டேனா என்று கேட்பார்கள். புரோகிராம் எழுதுவதும் அப்படித்தான். ரூம் புக் செய்யும் பகுதிக்குத் தேதியைச் சரிபார்க்கும் பகுதி ஒன்று தேவைப்படும். எனக்கு எங்கெல்லாம் தேவைப்பட்டதோ அங்கெல்லாம் புதிதாக ஒன்றை எழுதிக்கொள்வேன். அவர் முறை வேறு. எனக்கு இன்ன சர்வீஸ், அதாவது இன்ன பகுதி, வேண்டும் என்று மேலே ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அடியில் ஓடிக்கொண்டிருக்கும் ஃப்ரேம்வொர்க் என்ற பொது புரோகிராம், அந்த சர்வீஸை ஒரே ஒரு தடவை செய்து, கேட்டவர்களுக்கெல்லாம் அதையே கொண்டுபோய்க் கொடுக்கும். இன்ஜெக்ட் செய்வது என்று இதற்குப் பெயர். ஊசியும் இல்லை, ஒன்றும் இல்லை. கேட்டது கைக்கு வரும், அவ்வளவுதான்.

என் லாட்ஜ் புரோகிராமை அவர் முதல் தடவை திறந்து கடைசி வரி வரை படித்துப் பார்த்தார். பிறகு, "பாய், ஒரே வூட்ல ஏழு காலண்டர் மாட்டி வெச்சிருக்கீங்க. ஏழுலயும் தினம் யாரு கிழிக்கறது?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் காலண்டர், நான் கிழித்துக்கொள்கிறேன் என்றேன். அடுத்த வாரமே அந்த ஏழில் ஆறை மட்டும் திருத்தி ஏழாவதை மறந்தேன். பிப்ரவரி முப்பதாம் தேதிக்கு ஒரு குடும்பம் இரண்டு ரூம் புக் செய்துவிட்டது. லாட்ஜ் மேனேஜர் போன் செய்து, பெட்ஷீட்டை என்றைக்கு மாற்றி வைப்பது என்று நிஜமான கவலையோடு கேட்டார்.

அதற்காக அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. இருப்பதையே எடுத்துப் போடு என்பதில் அவர் கொஞ்சம் அளவு மீறிப் போவார். லாட்ஜுக்குச் செய்த விவரப் படிவத்தை அப்படியே தூக்கிப் பல் டாக்டரின் அப்ளிகேஷனில் மாட்டினார். பெயர், வயது, போன் நம்பர் எல்லாம் பொருந்தியது. கடைசியில் 'எத்தனை நாள் தங்குவீர்கள்?' என்ற கேள்வியை எடுக்க மறந்துவிட்டார். பல் வலிக்காரர்கள் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவர் 'வலி நிற்கும் வரை' என்று எழுதியிருந்தார். ஒரு அம்மாள் 'மருமகள் வந்து கூட்டிப்போகும் வரை' என்று எழுதியிருந்தார். எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு டாக்டர் சம்மதிக்கவில்லை. யார் எவ்வளவு பயந்திருக்கிறார்கள் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறாராம்.

பேச்சிலும் அவரிடம் மறுஉபயோகம்தான். "நல்லபடியா ஆயிடும், நாங்கல்லாம் இருக்கோம்" என்று ஒரே ஒரு வாக்கியம் வைத்திருந்தார். கல்யாண வீட்டில் அதைத்தான் சொல்வார், சாவு வீட்டில் அதைத்தான் சொல்வார், சர்வர் படுத்துக்கொண்டால் அதற்கும் அதைத்தான் சொல்வார். எங்குமே அது பொருந்தாமல் போனதில்லை. லீவு லெட்டர்கூட ஒன்றே ஒன்றுதான். காரணம் என்ற இடத்தில் கோடு போட்டு வைத்திருப்பார், சார் தனக்குப் பிடித்த காரணத்தை எழுதிக்கொள்ளலாம்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. சுறா வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். அங்கே அவருடைய அம்மா மீன் விற்பது எனக்கு அதுவரை தெரியாது. அன்றைக்கு அவரும் கூட உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா குந்தின இடத்தை விட்டு அசையவில்லை. ஐஸு என்று ஒரு குரல் கொடுத்தார், ஐஸ் வந்து விழுந்தது. தண்ணி என்றார், தண்ணீர் வந்தது. தினம் ஐஸ் கொண்டுவருவது யார் என்று பேச்சுக்குக் கேட்டேன். "எவன் கொண்டாந்தா இன்னா? ஜில்லுனு இருந்தா செரி," என்றார்.

மகள் சிரித்துக்கொண்டே அதற்கு மேல் ஒரு விளக்கம் சொன்னார். ஐஸ்காரர் ஒருவர்தான், கூடைகள் ஐம்பது. ஒரு கூடையில் ஐஸைப் போட்டுவிட்டு அவர் வெறுங்கையோடுதான் அடுத்த கூடைக்குப் போக வேண்டும். இவர் கூடை மீனைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் கூடைக்குப் போனால் மார்க்கெட்டே சண்டையாகிவிடும். எல்லாருக்கும் பொதுவான சர்வீஸும் அப்படித்தான், அது தன் கையில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். நான் சுறாவுக்குத் தோல் எடுத்துவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாதி என் காதில் விழவே இல்லை.

அதன் பிறகு நான் மனம் மாறினேன். புதிதாக மனம் மாறியவர்களின் வேகம் உங்களுக்குத் தெரியும். எதைத் தொட்டாலும் பொது சர்வீஸ், எதைத் தொட்டாலும் இன்ஜெக்ட். அந்த நேரம் பார்த்து எங்களுக்கு ஒரு பெரிய வேலை கிடைத்தது. தட்டாஞ்சாவடியிலேயே யூனிஃபார்ம் தைக்கும் ஒரு கம்பெனி, ஆட்களின் அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தைக்க ஒரு அப்ளிகேஷன் கேட்டது. சார் அதைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்தார், அளவெடுக்கும் பகுதியை நான் எழுதுகிறேன் என்று அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவருடைய பழைய ஃபைல் ஒன்றைக் காப்பி எடுத்து, அதன் மேலேயே என் அளவு சர்வீஸை எழுதினேன். 'இப்போது அளவு கொடுப்பவர்' என்று ஒரு இடம் ஒதுக்கி, அந்த ஆளின் அளவை சர்வீஸுக்கு உள்ளேயே வைத்தேன். ஒவ்வொரு ஆளாகச் சோதித்துப் பார்த்தோம். அருமையாக வேலை செய்தது.

யூனிஃபார்ம் கம்பெனிக்காரருக்கு மகள் கல்யாணம் வந்தது. மாலை ஊர்வலத்துக்கு ஒரு பேண்டு செட்டை ஏற்பாடு செய்து, அந்தப் பதினாறு பேருக்கும் புது அப்ளிகேஷனில் அளவெடுத்துத் தன் செலவில் சிவப்புக் கோட்டு தைத்தார். ஊரே தன் கோட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. இது சரியாக அமைந்தால் அடுத்த மூன்று வருஷ வேலையும் நமக்குத்தான் என்று சார் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கல்யாணத்தன்று காலை பத்து மணிக்கு பேண்டு மாஸ்டர் சாருக்கு போன் செய்தார். கோட்டுகள் வந்துவிட்டன, ஆனால் எந்தக் கோட்டும் யாருக்கும் சேரவில்லை. தைத்தவர்கள் எல்லாரும் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஊர்வலம் மாலை ஆறு மணிக்கு.

என்ன நடந்தது என்று பக்கத்து சீட்டுக்காரருக்கு இரண்டு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. அளவெடுத்த அன்று இரண்டு அறைகளில் இரண்டு டெய்லர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்திருக்கிறார்கள். சர்வீஸ் ஒன்றுதான். அது இந்த அறைக்காரரின் அளவைக் கையில் பிடித்துக்கொண்டே போய் அந்த அறைக்காரரின் பெயரில் போட்டிருக்கிறது. மீனை மாற்றிப் போட்ட ஐஸ்காரரை நான்தான் உண்டாக்கியிருந்தேன்.

சார் அந்த ஃபைலைத் திறந்தார். மேலே, எழுதியவர் என்ற இடத்தில், பக்கத்து சீட்டுக்காரருடைய பெயர் இருந்தது. காப்பி எடுத்தபோது நான் அதை மாற்றவில்லை.

இந்த இடத்தில் என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு மார்க்கெட் பக்கத்தில் பூட்டு சாவிக் கடை இருக்கிறது. சாஃப்ட்வேர் என்பது ஒரு வேலையே இல்லை, என்றாவது நான் கடைக்கு வந்துதான் தீருவேன் என்பது அவர் கட்சி. எனக்கென்று ஒரு ஸ்டூல் தனியாகப் போட்டு வைத்திருந்தார். வேறு யாரும் அதில் உட்கார அனுமதி இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்து வெளியே வந்ததும், "மாப்ள, ஸ்டூலு சும்மாதான் கெடக்கு," என்பார். சார் கோபத்தில், இதை எழுதின ஆள் இனிமேல் இந்த ஆபீஸில் வேண்டாம் என்று சொன்னபோது என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது அந்த ஸ்டூல்தான். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு பையில் வண்டிச் சாவியைத் தேடினேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "ஆமா சார், மேல என் பேருதான் போட்டிருக்கு," என்றார். அதில் ஒரு பொய்யும் இல்லை. நான் வண்டி எடுக்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டுக் கீழே ஓடினேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு கேவலமாக உணர்ந்தது கிடையாது.

பேண்டு செட்டு ஒத்திகை பார்க்கும் கொட்டகை கருவடிக்குப்பத்தில் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் போனபோது பதினாறு பேரும் சிவப்பாக நின்றார்கள். சிலருக்குக் கை விரல் தெரியவில்லை, சிலருக்குத் தொப்புள் தெரிந்தது. பேண்டு மாஸ்டர் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் குடும்பம். அவர் சாரைப் பார்த்து "முசியே, முசியே" என்று பிரெஞ்சிலேயே ஐயா போட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

என் பக்கத்து சீட்டுக்காரர் கொட்டகை நடுவில் ஒரு நாற்காலி வேண்டும் என்றார். வந்தது. உட்கார்ந்தார். காலரில் தைத்திருக்கும் பெயரை எல்லாரும் மறந்துவிடச் சொன்னார். அளவுகள் பொய்யில்லை, பெயர்கள்தான் மாறியிருக்கின்றன என்றார். யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது, கோட்டுதான் ஆளைத் தேடி வர வேண்டும். சாரும் நானும் கோட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கு ஆள் ஓடினோம். ஒரு மணி நேரத்தில் பதினாலு பேருக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

இரண்டு கோட்டு மிஞ்சியது. இரண்டும் யானைக்குட்டிக்குத் தைத்த மாதிரி இருந்தன. இரண்டு பேரும் மிஞ்சினார்கள். இரண்டு பேருமே ஒட்டடைக்குச்சி உடம்புக் கிளாரினெட்காரர்கள். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. பெரிய குழல் ஊதும் குண்டு மனிதர் தன் இடுப்பளவை ஒத்துக்கொள்ளாமல் டெய்லரோடு வெகுநேரம் வாதாடியிருக்கிறார். அதற்குள் அடுத்த அறையில் இந்த இரண்டு பேரும் அளவு கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டு பேர் பெயரிலும் அவருடைய இடுப்பே ஏறிவிட்டது.

பேண்டு செட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் குறைந்தால், ஊதத் தெரியாதவருக்குக் கோட்டை மாட்டி, வாத்தியத்தை வாயில் வைத்து நடக்க விடுவார்கள். டம்மி என்பார்கள். எங்கள் தொழிலிலும் சோதனை பார்க்கும்போது நிஜ சர்வீஸுக்குப் பதிலாக ஒரு டம்மியை நிறுத்துவது உண்டு. அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்த இரண்டு கோட்டையும் பார்த்தார். பிறகு சாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பேண்டு மாஸ்டர் கொதித்துவிட்டார். முப்பது வருஷமாக அவர் செட்டில் டம்மியே கிடையாதாம். நாற்காலியில் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: "ஊதறவங்க ரெண்டு பேரும் சீர்வரிசை வண்டியில பூமாலைக்குப் பின்னாடி குந்தி ஊதட்டும். இவங்க ரெண்டு பேரும் முன்னாடி நடக்கட்டும். கேக்கறதும் பதினாறு, பாக்கறதும் பதினாறு. ரெண்டும் ஒரே ஆளாத்தான் இருக்கணும்னு யாரு சொன்னா?" மாஸ்டர் யோசித்தார். இன்னும் யோசித்தார். கடைசியில் சாரின் தலையில் தொப்பியை வைத்தார்.

ஆறு மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. நானும் சாரும் கடைசி வரிசையில், வாயில் கிளாரினெட்டோடு, கன்னத்தை உப்பிக்கொண்டு நடந்தோம். கோட்டு எங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. பாதி வழியில் கல்யாண வீட்டுக்காரர் எதிரே வந்தார். சாரை அடையாளம் கண்டுகொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என் மகள் ஊர்வலத்தில் நீங்களே வந்து நடக்கிறீர்களா என்று சாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பதினாறு கோட்டில் இந்த இரண்டுதான் அம்சமாக உட்கார்ந்திருக்கிறது என்று எல்லாரிடமும் காட்டினார். அடுத்த மூன்று வருஷ வேலை அந்த இடத்திலேயே உறுதியானது.

அவர் அந்தப் பக்கம் போனதும் எனக்குத் தாங்கவில்லை. கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்காமலே, "சார், அத எழுதுனது நான்தான்," என்றேன்.

"தெரியும். கன்னத்த உப்பு," என்றார் சார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்த ஃபைலில் ஏழு இடத்தில் தேதியைச் சரிபார்த்திருக்கிறதாம். அந்தப் பெண் எழுதியிருந்தால் ஒரு இடத்தில்தான் இருக்கும் என்றார். நான் அப்போதும் ஏழு காலண்டர்தான் மாட்டியிருக்கிறேன். அப்படியென்றால் நாளையிலிருந்து எனக்கு வேலை இல்லையா என்று கேட்டேன். டிரம்ஸ் ஒரு சுற்று முடிந்ததும் சார் என் பக்கமாகச் சாய்ந்தார்.

"நீ வண்டி எடுக்கப் போனப்ப அவகிட்ட கேட்டேன், இது அவன் வேலதான, உண்மையச் சொல்லுன்னு. எழுந்து போயி வாசப்படிக்கு வெளிய நின்னுக்கிட்டா. மொத நாளு சொன்ன அதே பட்டியலச் சொன்னா. ஜன்னலோர சேரு, எவர்சில்வர் டம்ளரு, சத்தம் போடாத மவுசு. தலைக்கு மேல ஃபேன் வேணாம். பக்கத்து சீட்ல பாய். இதெல்லாம் இருந்தா உள்ள வர்றேன் சார்னா."

நான் அழுதுவிட்டேன். கன்னத்தை உப்பிக்கொண்டு அழுவது சுலபம் இல்லை. பேண்டு செட்டோ குத்துப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தது. சாலையோரம் நின்ற ஒரு பெரியவர், எத்தனை ஈடுபாடு பாருங்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் என்னைக் காட்டினார்.

மறுநாள் ஆபீஸில் அவர் வழக்கம்போல ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே, "டீ," என்று பொதுவாகச் சொன்னார். நான் ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். அது வீட்டிலிருந்து எனக்கென்று கொண்டுவருவது, அதுவரை யாருக்கும் ஒரு வாய் கொடுத்ததில்லை. அவருடைய டம்ளரைக் கழுவி, நிறைய ஊற்றி, கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு என் சீட்டில் வந்து உட்கார்ந்தேன். அவர் எடுத்துக் குடித்தார். ஏலக்காய் போட்ட டீ எங்கள் வீட்டிலிருந்து மட்டும்தான் வரும், ஆபீஸுக்கு வரும் கடை டீயில் ஏலக்காய் இருக்காது. யார் கொண்டுவந்தது என்று அவர் கேட்கவில்லை.